சிவப்புப் பெட்டியில் ஒரு கார்டு குறைகிறது

போன் அடித்தது.

ஆல்டர் பென்ட் ஆரம்பப் பள்ளியின் மருத்துவ அறை போன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

எடுக்க வேண்டியவள் அந்த மேஜைக்குக் கீழே கிடந்தாள்... கன்னம் தரையில் ஒட்ட, கண் திறந்தபடி!

லோர்னா பிரூயிட். வயது ஐம்பத்தெட்டு. பதினொரு வருடங்களாக அந்தப் பள்ளியின் தடுப்பூசிக் கணக்கு முழுவதும் அவள் கையில்தான்.

காலை 7.25-க்கு ஹெட்மாஸ்டர் வெண்டல் யேட்ஸ், "லோர்னா, அந்தப் போனை எடேன், தலை வெடிக்குது" என்றபடி கதவைத் திறந்தார்.

வெடித்திருந்தது அவர் தலை அல்ல.

கையிலிருந்த காபிக் கோப்பை நழுவியது. அவர் போட்ட அலறல் ஜிம் வரைக்கும் கேட்டது.

போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்காமல் என்ன செய்யும்? பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை. ஓரிகன் முழுவதும் பள்ளிகளில் 'வெளியேற்ற நாள்'. தடுப்பூசிச் சீட்டோ, ஊசி வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் விதிவிலக்குப் படிவமோ கொடுக்காத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருடம் பூராவும் தூங்கிவிட்டு அன்று காலை ஆறு மணிக்குத்தான் பெற்றோருக்கு விழிப்பு வரும்.

இந்த வருடம் அது போதாதென்று ஊருக்குள் தட்டம்மை வந்திருந்தது.

* * *

"பஞ்சிங் மெஷின், பாஸ்," என்றான் டெபுடி ஓடிஸ் கின்கெய்ட். "மூணு ஓட்டை போடறது. இரும்பு. இதால ஒரே போடு."

டிடெக்டிவ் மேரன் டாலெஃப்சன் குனிந்து பார்த்தாள். நாற்பத்து நான்கு வயது. இதே பள்ளியில் படித்தவள். இதே அறையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்தவள்.

"விரல்ரேகை?"

"தெளிவா இருக்கு. ரெண்டு பேரோடது. ஒண்ணு இந்தம்மாவோடது. இன்னொண்ணு ஆம்பளை கை, பெருசு."

அலமாரியில் நீலநிறப் பெட்டிகள் நான்கு, அடுக்கியபடி அப்படியே இருந்தன. தரையில் ஒரு சிவப்புப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மஞ்சள் கார்டுகள் நாலாபக்கமும் சிதறியிருந்தன.

"இது என்ன, வெண்டல்?"

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் வாயை மூடியபடி வாசலில் நின்றார்.

"லோர்னா கம்ப்யூட்டரை நம்பமாட்டா. பிள்ளைக்கு ஒரு கார்டு. பென்சில்ல எழுதி வெச்சுட்டுத்தான் டைப் அடிப்பா. ஊசி போட்டவங்க நீலப் பெட்டி. போடாதவங்க சிவப்புப் பெட்டி. நோய் வந்தா சிவப்பைத் தூக்கிட்டு ஓடணும், யார் யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லணும். அதான் சட்டம்."

"இப்ப அனுப்பணுமா?"

"நேத்து சாயங்காலம் கவுண்டி சுகாதார ஆபீஸ்லேர்ந்து உத்தரவு வந்தது. சிவப்புப் பெட்டில இருக்கற மொத்தப் பேரும் இருபத்தொரு நாள் வீட்ல இருக்கணும். ஸ்கூல், பஸ், விளையாட்டு, போட்டி... எதுலயும் தலைகாட்டக் கூடாது."

"எத்தனை பேர்?"

"நூத்திப் பதிமூணு."

முந்நூற்று எழுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மேரன் பல்லைக் கடித்தாள்.

"அதுல நிஜமாவே ஊசி போட முடியாதவங்க எத்தனை பேரு?"

வெண்டல் தரையைப் பார்த்தார்.

"ஒருத்தி. ரென் ஹட்சின்ஸ். ரெண்டாம் வகுப்பு. ரத்தப் புத்து. இந்த ஊசி அவ உடம்பு தாங்காது."

முடியாதவள் ஒருத்தி. மாட்டேன் என்றவர்கள் நூற்றுப் பன்னிரண்டு. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் எவனோ தும்மியதில், அந்த ஒருத்தி வெள்ளிக்கிழமையிலிருந்து போர்ட்லாண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த ஊர்ப் பத்திரிகையில் பத்தொன்பது வருடங்களாகக் குப்பை கொட்டுகிறேன். இப்படியொரு கணக்கை எழுதியதில்லை.

மறுபடி போன்! ஓடிஸ் பதிவாகியிருந்த செய்திகளை ஓடவிட்டான்.

"லோர்னா, நான் டிராயோட அம்மா. அந்தப் படிவத்துல முந்தாநாள் தேதி போட்டுக்குடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது."

"இந்தம்மா, என் புள்ளையைத் தடுக்க நீ யாரு? உன் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"ஹலோ... எங்க வீட்ல நாய்க்கு எல்லா ஊசியும் கரெக்டா போட்டாச்சு. பையனுக்குத்தான் விட்டுப்போச்சு. ஒரு வாரம் டைம் கிடைக்குமா?"

ஓடிஸ் அணைத்தான்.

"அந்த நாயை ஸ்கூல்ல சேத்துக்கலாம், பாஸ்."

அப்போது ஷெரிஃப் பக் லாண்ட்ரி தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். முகத்தில் திருப்தி.

"கேஸ் முடிஞ்சுது, மேரன். வாட்ச்மேன் பாத்திருக்கான். காலைல ஆறரைக்கு டேல் ஹட்சின்ஸோட வண்டி இங்க நின்னிருக்கு. ரென்னோட அப்பன். நேத்து மத்தியானம் இதே ஆபீஸ்ல நின்னு, 'நீதானே அதுங்களையெல்லாம் உள்ள விட்டே'ன்னு லோர்னாவைக் கத்தியிருக்கான். நாலு பேர் சாட்சி. ஹைவேல பெட்ரோல் போடும்போது மடக்கிட்டோம்."

* * *

டேல் ஹட்சின்ஸ் மரலாரி ஓட்டுகிறவன். ஆறடி மூன்றங்குலம். விசாரணை அறையின் நாற்காலி அவனுக்குப் போதவில்லை.

"டேய் பக்," என்றான் ஷெரிஃப்பைப் பார்த்து. இருவரும் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஒன்றாக ஆடியவர்கள். "என்னை விடுடா. நான் எங்கயும் ஓடமாட்டேன். போர்ட்லாண்ட் போயிட்டு வந்துடறேன்."

"பஞ்சிங் மெஷின்ல உன் கை இருக்கு, டேல்."

"இருக்கும். நான்தானே ஓட்டை போட்டேன்."

மேரன் நிமிர்ந்தாள்.

"எதுல?"

"கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்க ராத்திரி லோர்னாவுக்குப் போன் பண்ணினேன். அவ அழுதா. 'காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வா, ரென்னுக்குக் கிளாஸ் பசங்க படம் வரைஞ்சு வெச்சிருக்காங்க'ன்னா. போனேன். எல்லாத்தையும் அடுக்கி, ஓட்டை போட்டு, நாடா கோத்துப் புத்தகமாக் கட்டினோம். அவளுக்கு மணிக்கட்டு வலி. அதனால நான் அழுத்தினேன். ஆறே முக்காலுக்குக் கிளம்பிட்டேன். வாசல்ல நின்னு கை காட்டினா."

"அந்தப் புத்தகம்?"

"வண்டில இருக்கு. சீட்டுக்குப் பக்கத்துல. சீட் பெல்ட் போட்டு வெச்சிருக்கேன்."

மேஜை மேலிருந்த அவன் போன் அதிர்ந்தது. ஷெரிஃப் தலையசைக்க, மேரன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ்டர் ஹட்சின்ஸ், ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் பேசறேன். ரென்னுக்கு மூச்சு ரொம்பச் சிரமமா இருக்கு. நாலு மணிக்குத் தொண்டைல குழாய் வெக்கறோம். வெச்சா பேச முடியாது."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு மணிக்குள்ள வந்துடுங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

டேல் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தான். விலங்கு கணகணத்தது. ரென்னின் தாய் இறந்து நான்கு வருடம் ஆகிறது. போர்ட்லாண்டுக்கு இரண்டு மணி நேரப் பயணம். கடிகாரத்தில் பத்தே கால்.

வராந்தாவில் மேரன் ஷெரிஃப்பை மடக்கினாள்.

"நம்ம வண்டிலயே கூட்டிட்டுப் போகலாம், பக்."

"கொலைக் குற்றவாளியை ஆஸ்பத்திரில உலாத்த விடறதா? வர்ற நவம்பர்ல எனக்குத் தேர்தல். நாளைக்கு ஜட்ஜ் சொல்லட்டும்."

"நாளைக்கு அந்தக் குழந்தை பேசாது."

"அதுக்கு நான் என்ன பண்றது? வேற ஆள் இருந்தா கொண்டா. ரெண்டு மணிக்குள்ள கொண்டா. விடறேன்."

அவருடைய பேத்தியின் கார்டும் சிவப்புப் பெட்டியில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

* * *

பள்ளி வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் தட்டிகளோடு நின்றார்கள். 'எங்கள் பிள்ளை, எங்கள் உரிமை.' மையால் எழுதியது மழையில் வழிந்தது.

நடுவில் செலஸ்ட் ராடமேக்கர்.

நாற்பது வயது. நல்ல உயரம். முழங்கால் வரை கம்பளிக் கோட்டு, தோல் கையுறை. பெற்றோர் உரிமைக் குழுவின் தலைவி. வருடா வருடம் ஜனவரியில் தன் பண்ணையில் 'படிவ மாலை' நடத்துவாள். விதிவிலக்கு வேண்டுமென்றால், தடுப்பூசியைப் பற்றி அரசாங்கம் போட்டிருக்கும் வீடியோவை ஒருமணி நேரம் உட்கார்ந்து பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? செலஸ்டே நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்து வரிசையாகக் கிளிக் பண்ணிக் கொடுத்துவிடுவாள். வீடியோ ஓடும்போது எல்லோரும் கேக் சாப்பிடுவார்கள். போகும்போது, நோய் அண்டாது என்று சொல்லி அவள் காய்ச்சிய எல்டர்பெர்ரிப் பழ சிரப் ஆளுக்கு ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

"வாங்க மேரன்," என்றாள் செலஸ்ட். "பூசணிக்காய் கேக் எடுத்துக்கங்க. காலைல சுட்டது. பாவம் லோர்னா. எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கும். ஆனா சாவு சாவுதானே."

"எப்ப வந்தீங்க?"

"ஏழே காலுக்கு. இவங்க எல்லாரும் பாத்தாங்க."

பக்கத்தில் நின்ற அவள் கணவன் கிராண்ட், தாடியைத் தடவியபடி தலையாட்டினான்.

"உங்க பையன் ஆஷர் வீட்லயா?"

"ஆமா. இருபத்தொரு நாள். எங்க கொள்கைக்கு நாங்க குடுக்கற விலை அது. சனிக்கிழமை மாநில மல்யுத்தப் போட்டி. போன வருஷம் ரெண்டாவதா வந்தான். இந்த வருஷம் அவன்தான். போகட்டும். பெருமையா விட்டுக்குடுக்கறோம்."

கூட்டம் கைதட்டியது. செலஸ்டின் கண்ணில் ஈரம் பளபளத்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், செலஸ்ட். சிவப்புப் பெட்டில நூத்திப் பதிமூணு கார்டு இருக்கணும். ஓடிஸ் மூணு தடவை எண்ணிட்டான். நூத்திப் பன்னெண்டுதான் இருக்கு. இல்லாதது ஆஷரோட கார்டு."

செலஸ்டின் முகம் ஒரு கணம் வெறுமையானது.

"அதுல இல்லையா? அப்ப எங்க போச்சு?"

"அதைத்தான் தேடறோம்."

"அந்த டேல்தான் எடுத்திருப்பான். எங்க குடும்பத்து மேல அவனுக்கு வெறி. ஆஷர்தானே ஸ்கூல்ல ரென்னுக்கு வாரா வாரம் கதை படிச்சுக் காட்டற அண்ணன். அவன்தான் நோயைக் குடுத்தான்னு நெனச்சிருப்பான்."

மேரன் கேக்கை வாங்காமல் திரும்பி நடந்தாள்.

* * *

காரில் ஏறியதும் ஓடிஸ் கண்ணாடியைத் துடைத்தான்.

"என்ன தைரியமான பொம்பளை, பாஸ். நேத்து சாயங்காலம் மருந்துக்கடைல பாத்தேன். தட்டம்மை உத்தரவு வந்த அரைமணி நேரத்துல தெர்மாமீட்டர் காலி, வைட்டமின் காலி. இவங்க குழு அம்மாக்கள் ஒருத்தி கையில இருந்து ஒருத்தி பிடுங்கறாங்க. ஊசி வேணாம்னு பாட்டுப் பாடினதெல்லாம் இதுங்கதானான்னு இருந்தது."

"செலஸ்ட்?"

"எனக்கு முன்னாடி நின்னாங்க. ஷூ நாடா ஒண்ணு, பல்லுக்குப் போடற கவசம் ஒண்ணு. மல்யுத்தத்துக்கு."

மேரன் சாவியைத் திருப்பவில்லை.

"ஓடிஸ். ஆஷர் வாரா வாரம் ரென் பக்கத்துல உக்காந்து படிச்சவன்."

"ஆமா."

"ஊர்ல முதல்ல பயப்பட வேண்டிய அம்மா அவதான். தெர்மாமீட்டரை விட்டுட்டு ஷூ நாடா வாங்கறா. எந்தப் போட்டிக்கு? இருபத்தொரு நாள் வீட்ல இருக்கப்போற பையனுக்கு?"

ஓடிஸின் கை கண்ணாடியிலேயே நின்றது.

"இன்னொண்ணு. கார்டு காணோம்னதும், 'ஏன் என் பையனோடது'ன்னுதானே எந்த அம்மாவும் கேப்பா? இவ 'அப்ப எங்க போச்சு'ன்னா. ஏற்கெனவே தேடிப் பாத்து கிடைக்காதவங்க கேக்கற கேள்வி அது."

"சிவப்புப் பெட்டியைக் கவுத்துத் தேடினது..."

"எல்லாரும் சிவப்பைத்தான் பாத்தோம். இறங்கு."

இருவரும் மழையில் ஓடினார்கள். மருத்துவ அறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. மேரன் அதைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்தாள். நீலப் பெட்டிகள். ஊசி போட்ட பிள்ளைகளின் பெட்டிகள். செலஸ்டின் குழுவில் யாரும் வாழ்நாளில் திரும்பிப் பார்த்திராத பெட்டிகள்.

ஓடிஸ் கையுறை மாட்டினான். மூன்றாவது பெட்டியில் விரல்கள் கார்டுகளைத் தள்ளிக்கொண்டே போயின.

நின்றன.

"பாஸ்..."

ராடமேக்கர், ஆஷர். ஆறாம் வகுப்பு.

விதிவிலக்கு என்று இருந்ததன் மேல் பென்சிலால் ஒரு கோடு. அதன் கீழ், லோர்னாவின் பொடிக் கையெழுத்து.

'தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டாகிவிட்டது. ஒன்றாம் வயதில் ஒன்று, ஐந்தாம் வயதில் ஒன்று. அசல் சீட்டு பார்த்தேன். அம்மா நேரில் கொண்டுவந்தார். புதன் காலை 6.58.'

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே!

"போட்டிருக்கா," என்றான் ஓடிஸ் மெதுவாக. "தன் புள்ளைக்கு மட்டும் போட்டிருக்கா."

மேரன் கவுண்டி சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மாநிலப் பதிவேட்டில் ஆஷரின் பெயர் இருந்தது. தொண்ணூறு மைல் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம், இவளை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு கிளினிக். ஒன்றும் விட்டுப்போகாமல், ஒருநாள்கூடத் தள்ளிப்போகாமல், எல்லா ஊசியும்! அங்கே தாயின் பெயராகக் கொடுத்திருந்தது செலஸ்டின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

மேரனுக்கு வாய் கசந்தது. பிணம் பார்த்தபோதுகூட அப்படிக் கசக்கவில்லை.

மணி 12.50.

* * *

வாசலில் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. செலஸ்ட் மைக் பிடித்திருந்தாள்.

மேரன் நேராகப் போய் அவள் முன் நின்றாள்.

"கோட்டைக் கழட்டுங்க, செலஸ்ட்."

"எதுக்கு?"

"உள்பையில ஒரு சீட்டு இருக்கும். அதைத் தூக்கிப்போட உங்களுக்கு மனசு வந்திருக்காது. சனிக்கிழமை போட்டில காட்டணுமே."

செலஸ்டின் கை தன்னிச்சையாக மார்புக்குப் போனது. போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஓடிஸ் கோட்டை வாங்கி, உள்பையில் இரண்டு விரலை விட்டு எடுத்தான். நான்காக மடித்த சீட்டு. ஓரத்தில் பழுப்புச் சிவப்பில் ஒரு துளி. அதே பையில் இன்னொரு ஜோடி கையுறை, ரத்தத்தில் நனைந்து, காய்ந்து, விறைத்துப்போய்.

"தைரியமான பொம்பளைன்னுதான் நெனச்சேன்," என்று முனகினான் ஓடிஸ். "முழுப் பூசணிக்காயைக் கேக்ல மறைச்சிருக்காங்க, பாஸ்."

கூட்டம் கொதித்தது.

"பொய் கேஸ்!"

"எங்க தலைவியைத் தொட்டா நடக்கறதே வேற!"

"இது பழிவாங்கறது!"

மேரன் குரலைத் தாழ்த்தினாள்.

"லோர்னா என்ன சொன்னா, செலஸ்ட்?"

செலஸ்ட் உதட்டைக் கடித்தாள். பிறகு, மைக் அணையவில்லை என்பதை மறந்து பேசினாள்.

"சீட்டைக் காட்டி, கார்டை மாத்திடு, யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். கார்டுல எழுதிக்கிட்டு அலமாரிப் பக்கம் போனா. திரும்பி வந்து என்னையே பாத்தா. சிரிச்சா. பதினொரு வருஷமா நான் அவளைப் போர்டு மீட்டிங்ல நிக்கவெச்சுக் கேள்வி கேட்டிருக்கேன். 'இன்னிக்கு சாயங்காலம் மீட்டிங்ல இதைப் படிப்பேன். ரென்னோட பேரைச் சொல்லிட்டுப் படிப்பேன்'ன்னா. கெஞ்சினேன். போன் அடிச்சது. எடுக்கத் திரும்பினா..."

"அடிச்சீங்க."

"என் புள்ளையோட போட்டி. என்னோட இத்தனை வருஷ உழைப்பு. எல்லாம் ஒரு கார்டுல போகணுமா?"

"உங்க புள்ளைக்குப் போட்டீங்க. மத்த புள்ளைங்களுக்கு?"

"நான் யார் கையையும் பிடிச்சுத் தடுக்கல. அது அவங்கவங்க விருப்பம்."

ஒலிபெருக்கி அத்தனையையும் ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தது.

தட்டிகள் மெல்லக் கீழே இறங்கின. மழைச் சத்தம் மட்டும். இனி கல் பறக்கும் என்று ஓடிஸ் தயாரானான். செத்துப்போன லோர்னாவுக்காக யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பார்கள் என்று மேரன் எதிர்பார்த்தாள்.

கிராண்ட் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. கொலைகாரியான மனைவியைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"நம்ம பையனுக்கு... ஊசி போட்டியா?"

"கிராண்ட்..."

"எனக்குத் தெரியாம, என் ரத்தத்துல பிறந்த புள்ளைக்கு ஊசி போட்டியா நீ?"

அவ்வளவுதான்! அடுத்த நிமிடம் பூசணிக்காய் கேக் பறந்தது. தட்டிகள் பறந்தன. எல்டர்பெர்ரி சிரப் புட்டி ஒன்று போலீஸ் காரின் மேல் உடைந்து வழிந்தது.

"துரோகி!"

"ஊசிக்காரி!"

'கொலைகாரி' என்று ஒரு குரல்கூட இல்லை. நான் அந்த வாசலில்தான் நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு குரல்கூட இல்லை.

பின்வரிசையில் ஒரு தாய் மட்டும் சத்தம் போடாமல், தன் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

மணி 1.35. ஷெரிஃப் தன் கையாலேயே விலங்கைக் கழற்றினார்.

"டேல்... மனசுல வெச்சுக்காதடா."

டேல் மணிக்கட்டைத் தேய்த்தபடி எழுந்தான். மேரனிடம் திரும்பினான்.

"என் வண்டி?"

"வேணாம். நீ ஓட்டற நிலையில இல்ல. நான் ஓட்டறேன். புத்தகத்தை எடுத்துட்டு வா."

வழி முழுவதும் சைரன். டேல் புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். 3.38-க்கு ஆஸ்பத்திரி வாசல். அவனுக்கு மஞ்சள் அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே அனுப்பினார்கள். மேரன் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

ரென் அவ்வளவு சிறியவளாக இருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கண் பாதி திறந்திருந்தது.

டேல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். குதிரை, டிராக்டர், மூன்று காலில் ஒரு பூனை. கடைசிப் பக்கத்தில் ஆஷர் வரைந்தது: ஒரு பையனும் ஒரு சின்னப் பெண்ணும் ஒரே புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள்.

அறையின் ஒலிபெருக்கி வழியாக ரென்னின் குரல் வந்தது. மூச்சுக்கு இடையில், துண்டு துண்டாக.

"ஓட்டையெல்லாம்... கோணலா இருக்கு. யாரு போட்டது?"

"அப்பாதான்டா."

"அதான்."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான்கு மணிக்கு டாக்டர் குழாயோடு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. மேரன் சுவரில் தலையைச் சாய்த்து, வெட்கப்படாமல் அழுதாள்.

* * *

அதே நான்கு மணிக்கு, கவுண்டி ஜெயிலில் செலஸ்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். தலைமுடியில் பூசணிக்காய் கேக் ஒட்டியிருந்தது. ஓடிஸ் பக்கத்தில் நின்றான். எதிரே வரிசையாகக் கம்பிகள். கம்பிகளுக்குப் பின்னால், வாசல் கலாட்டாவில் பிடித்து வந்த குழுவினர் ஒன்பது பேர், கிராண்ட் உட்பட. எல்லோரும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயில் நர்ஸ் படிவத்தைத் திருப்பினாள்.

"புது உத்தரவு வந்திருக்கு. தட்டம்மை ஊசி போடாதவங்களை இருபத்தொரு நாள் தனி அறைல வெக்கணும். கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது, போன் கிடையாது, பாக்க யாரும் வரமுடியாது. உங்களைக் கீழ அனுப்பட்டுமா? நீங்கதான் சின்ன வயசுலேர்ந்து ஒரு ஊசிகூடப் போட்டதில்லைன்னு எல்லா மீட்டிங்லயும் சொல்லுவீங்களே."

செலஸ்ட் கம்பிகளைப் பார்த்தாள். கீழே இறங்கும் படிக்கட்டைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

பிறகு நர்ஸின் காதுப் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"ரெண்டு டோஸ்... போட்டிருக்கேன்."

நர்ஸின் பேனா நின்றுவிட்டது.

ஓடிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு கம்பிப் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம். உங்க தொண்டர்களுக்குக் கேக்கலையாம்."